தாள் சிக்கன அலுவலர்

ஜூன் 3, திங்கள்

காலை பதினொன்றே காலுக்குத் துணைவேந்தர் அழைத்தார். அவர் அழைத்தால் எங்கோ யாரோ ஏதோ தப்புச் செய்திருக்கிறார்கள், அதை இனி யாரும் செய்யக் கூடாது என்று நான் சுற்றறிக்கை எழுத வேண்டும் என்று பொருள். இந்தச் சிற்றாறு பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றறிக்கை எழுதுவது நான்தான். இளநிலை உதவியாளராக இருந்தபோதும் நான்தான், துணைப் பதிவாளரான பிறகும் நான்தான்.

"ஆவுடைநாயகம், போன வருஷம் நாம எத்தனை தாள் அச்சடிச்சிருக்கோம் தெரியுமா?"

"கோப்பைப் பார்த்துச் சொல்றேன் மேடம்."

"நாற்பத்தியோரு லட்சம். ஆகஸ்ட் பதினாலாம் தேதி பசுமை வளாகக் குழு வருது. அதுக்குள்ள இது பாதியாகணும். நீங்கதான் பொறுப்பு."

மாலையே உத்தரவு வந்துவிட்டது. கூடுதல் பொறுப்பாக 'தாள் சிக்கன அலுவலர்'. உத்தரவு ஆறு படி. எனக்கு ஒன்று, என் கோப்புக்கு ஒன்று, கோப்பு தொலைந்தால் பார்க்க ஒன்று. மற்ற மூன்றும் எங்கே போயின என்று தெரியவில்லை.

வீட்டில் பரமகல்யாணியிடம் சொன்னேன். அவளும் இதே பல்கலைக்கழகத்தில்தான், நூலகத்தில் உதவியாளர். "நல்லதுதான்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. மகிழ்ச்சியில் அப்படி ஆவதுண்டு.

ஜூன் 5, புதன்

முதல் சுற்றறிக்கை. 214 படி. எல்லாத் துறைகளுக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 6, வியாழன்

காலையில் அறைக்கு வந்தால் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் இருதயசாமி எனக்கு முன்பே என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தாடி நெஞ்சு வரை உள்ளவர்.

"நாயகம் சார், என் தாடி உங்களுக்கு என்ன செஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை. சுற்றறிக்கையை மேசையில் போட்டார். எடுத்து வாசித்தேன். 'ஊழியர் அனைவரும் மூன்று நாட்களுக்குள் தத்தம் தாடியைப் பாதியாகக் குறைத்து, குறைத்த விவரத்தைத் துறைத்தலைவர் வழியாக எழுத்துமூலம் அனுப்ப வேண்டும்.'

நான் எழுதியது 'தாளை'. தட்டச்சுக் கணினி சொற்களைத் தானாகத் திருத்தும் வகை. நான் வாசித்துப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டேன் என்று இருதயசாமி கேட்டார். தினமும் அறுபது தாளில் கையெழுத்துப் போடுகிறவனிடம் கேட்கும் கேள்வியா அது?

கணிதத் துறையில் இரண்டு பேர் முழுக்க மழித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். உத்தரவை மதிக்கிறவர்கள். அவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்புவதா, மன்னிப்புக் கடிதம் அனுப்புவதா என்று யோசித்து இரண்டையும் அனுப்பினேன். வேதியியல் துறையிலிருந்து 'எங்கள் துறையில் அனைவரும் மகளிர். குறைக்க ஏதுமில்லை' என்று பதில் வந்திருந்தது. கோப்பில் சேர்த்தேன்.

திருத்திய சுற்றறிக்கை 214 படி. முந்தையதை ரத்து செய்யும் சுற்றறிக்கை 214 படி.

ஜூன் 14, வெள்ளி

வளாகம் முழுக்கச் சுற்றினேன். அச்சு இயந்திரங்கள் மொத்தம் 131. தாவரவியல் துறையில் வேப்பிலையின் படத்தை நாற்பது படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றுகொண்டிருந்தது. தேர்வுப் பிரிவில் ஒரு கட்டு முழுக்க 'இந்தப் பக்கம் வெறுமையாக விடப்பட்டுள்ளது' என்று மட்டும் அச்சடித்து வைத்திருந்தார்கள். கணினி அறிவியல் துறையில் ஓர் ஆசிரியை, வருகிற மின்னஞ்சலை எல்லாம் அச்சடித்து, அடியில் 'பார்த்தேன்' என்று பேனாவால் எழுதி, அதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அச்சடிக்கிறீங்க?"

"பாத்தேங்கிறதுக்கு ஆதாரம் வேணும்லா சார். 2016-ல நீங்கதான சுற்றறிக்கை விட்டீங்க?"

என் அலுவலகத்தில் வீண் எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்த அறிக்கை 46 பக்கம் வந்தது. ஒன்பது படி எடுத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

கணினி மையத்தில் ஞானதுரை என்று தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் இருக்கிறார். பத்தொன்பது வருட சர்வீஸ், அதிகம் பேசாத மனிதர். எந்தக் கணக்கிலிருந்து எத்தனை பக்கம் அச்சாகிறது என்று சொல்லும் மென்பொருளை நிறுவியிருக்கிறார். இன்று முதல் பட்டியல் வந்தது.

முதல் இடத்தில் துணைவேந்தர் அலுவலகம் இருக்கும், இரண்டாவது தேர்வுப் பிரிவு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் இடத்தில் என் அலுவலகம் இருந்தது. சிக்கனப் பணிக்காகச் செய்த செலவை வீண் செலவில் சேர்க்கக் கூடாது என்று சொல்லி அதை நீக்கச் சொன்னேன். அதன்பின் முதல் இடம் 'நூல்-07' என்ற கணக்கு. ஒரே மாதத்தில் 1,912 பக்கம்!

"ஞானதுரை, இது யாரு?"

"நூலகத்துல ஒரு கணக்கு சார்."

"அது தெரியுது. ஆள் யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம் சார். அத விட்டுருங்க."

எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விடப்போவதில்லை என்று சொன்னேன். ஞானதுரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

பரமகல்யாணி சமீபகாலமாக என் வேலையில் அக்கறை காட்டுகிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்து, "ஏங்க, நீங்க எழுதுற சுற்றறிக்கையில ஒரே வாக்கியத்துல 'மேற்படி' ஆறு தடவ வருதே, ஏன்? ஒவ்வொண்ணும் வேற வேற மேற்படியா?" என்று கேட்டாள்.

இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப்பெட்டிகள் புதிதாக இருக்கின்றன. பழைய புடவையாக இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

நூல்-07-ஐக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவெடுத்து, மூன்று மணிக்கு நூலகம் போனேன். பருவ இதழ்ப் பகுதியில் ஆங்கில நாளிதழ் ஒன்றை விரித்து அதன் பின்னால் உட்கார்ந்தேன். அச்சு இயந்திரம் நேர் எதிரே. ஒன்றரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக நூலகர் வந்து சொன்ன பிறகு சரிசெய்துகொண்டேன்.

வந்தவர் யாரும் சந்தேகப்படும்படி இல்லை. பரமகல்யாணி மட்டும் நான்கு முறை வந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் நூலக வேலையாக வந்திருப்பாள். அவளிடமே பொறுப்பை ஒப்படைப்பது நல்லது என்று பட்டது.

"இந்தா பாரு, நூல்-07-ன்னு ஒரு ஆளு இங்க வந்து இஷ்டத்துக்கு அச்சடிக்கான். நீ இங்கதான இருக்க. யாருன்னு கொஞ்சம் கவனிச்சுச் சொல்லு."

"பாத்துக்கிடுதேன்" என்றாள். கையிலிருந்த கட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கனமாக இருந்திருக்கும்.

ஜூலை 10, புதன்

நேற்று நூல்-07 அச்சடித்தது 61 பக்கம். என் கண்ணெதிரே! சாமர்த்தியசாலி.

ஜூலை 18, வியாழன்

இரண்டு முக்கிய நடவடிக்கைகள்.

ஒன்று, நூல்-07 முடக்கப்பட்டது. ஞானதுரை பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை "நெசமாவே அழுத்தவா சார்?" என்று கேட்டார்.

இரண்டு, முனைவர் பட்ட ஆய்வேடுகள். ஒவ்வொருவரும் முந்நூறு, நானூறு பக்கம் எழுதி ஐந்து படி கொடுக்கிறார்கள். ஐந்து படி கட்டாயம் என்று 2009-இல் சுற்றறிக்கை விட்டது நான்தான். அதை மாற்ற ஆட்சிக்குழு கூட வேண்டும். ஆகவே மாற்று வழி கண்டேன். இனி ஆய்வேடு கொடுக்கும் முன் என் அலுவலகத்தில் 'தாள் சிக்கனச் சான்றிதழ்' பெற வேண்டும். பின்னிணைப்பு இருபது பக்கத்துக்கு மேல் போனால் சான்றிதழ் கிடையாது. விண்ணப்பம் மூன்று படி.

துணைவேந்தர் ஒப்புதல் அளித்தார். இரவு பரமகல்யாணியிடம் இதைச் சொன்னபோது, நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து போய்விட்டாள். தலைவலி என்றாள்.

ஜூலை 29, திங்கள்

முதல் கட்டமாகப் பன்னிரண்டு விண்ணப்பம். பன்னிரண்டும் நிராகரிப்பு. ஒன்று 412 பக்கமாம், அதில் பின்னிணைப்பு மட்டும் 280! என்ன துணிச்சல். யார் என்று பெயரைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவேன்.

ஜூலை 30, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை.

ஜூலை 31, புதன்

சாம்பாரிலும் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இனி இதைத் தனித்தனியாக எழுத அவசியமில்லை. எதிலும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நிராகரிக்கப்பட்ட ஆய்வாளர்கள் மேல்முறையீடு செய்யும் நாள். வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு டோக்கன். எட்டு பேரை அனுப்பியாயிற்று. "ஒன்பது" என்று குரல் கொடுத்தேன். கதவைத் திறந்துகொண்டு பரமகல்யாணி உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் பொறு. ஒன்பதாம் நம்பர் உள்ள வரணும்" என்றேன்.

அவள் டோக்கனை மேசையில் வைத்தாள். ஒன்பது.

"சாப்பாட்டுக் கூடைய மறந்துட்டனா?"

"இல்ல சார்" என்றாள். சார்! "ஆய்வாளர் ச. பரமகல்யாணி. மொழியியல் துறை, பகுதி நேரம். பக்கம் 412. நீங்க தள்ளிவிட்ட விண்ணப்பம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"வீட்ல எப்படிப் பேசுறது? வீட்ல நீங்க தாள் சிக்கன அலுவலர் இல்லையே."

"நீ பிஎச்.டி. பண்ணுதியா? எப்போலேருந்து?"

"ஆறு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"மூணு தடவ சொன்னேன். முத தடவ 'ம்'ன்னிய. ரெண்டாம் தடவ 'அத கோப்புல வை'ன்னிய. மூணாம் தடவ தூங்கிட்டிய."

ஊழியர் யாராக இருந்தாலும் ஆய்வில் சேர நிர்வாகப் பிரிவின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். 'திருமதி ச. பரமகல்யாணி ஆய்வு மேற்கொள்வதில் இவ்வலுவலகத்துக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.' கீழே என் கையெழுத்து. நல்ல தெளிவான கையெழுத்து.

"அந்த நூல்-07..."

"நாந்தான்."

"கவனிச்சுச் சொல்லுன்னு உங்கிட்டதான சொன்னேன்!"

"கவனிச்சேன். இப்போ சொல்லுதேன்லா."

தண்ணீர் குடித்தேன். எதை இவ்வளவு அச்சடித்தாள் என்று கேட்டேன். அவள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளின் மொழிநடை: ஓர் ஆய்வு.'

"யாரோட சுற்றறிக்கை?"

"இந்த யுனிவர்சிட்டில சுற்றறிக்கை எழுதுறவுக வேற யாரு இருக்கா? எல்லாம் உங்களோடதுதான். ஆயிரத்து நூத்திநாப்பது. கடைசியா ஒரு தடவ எல்லாத்தையும் சரிபாக்கணும், தாள்ல இருந்தாத்தான் கோடு போட்டுப் படிக்க முடியும். அதான் அச்செடுத்தேன்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குக் கோபம் போய்விட்டது. ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் எழுத்தைப் பற்றி 412 பக்கத்தில் ஆய்வேடு! இருதயசாமிக்கு உண்டா இந்தப் பாக்கியம்? பின்னிணைப்பு 280 பக்கமும் என் சுற்றறிக்கைகள்தான் என்றால் அது எப்படி வீணாகும்?

"பதினாலாம் தேதியோட எனக்குக் கெடு முடியுது. நீட்டிப்பும் கெடையாது. அன்னிக்குள்ள குடுக்கலைன்னா ஆறு வருஷமும் தண்ணில போச்சு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று எழுந்தாள்.

ஆய்வேட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இன்று இரவே வாசித்துவிடுவேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வாசித்தேன்.

இயல் ஒன்று, சுற்றறிக்கையின் வரலாறு. நன்று. இயல் இரண்டு, 'மேற்படி'யின் மேற்படிப் பயன்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முக்கால் மணி நேரம் சொன்னதை ஓர் அடிக்குறிப்பில் இரண்டு வரியாகப் போட்டிருக்கிறாள். 'தகவலாளி 1: ஆண், வயது 53. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.'

இயல் நான்கு, 'வினைமுற்று வராத வாக்கியங்கள்'. என் வாக்கியங்களில் நூற்றுக்கு முப்பத்தொன்று முடிவதே இல்லையாம். ஐம்பது ஊழியர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். நாற்பத்திரண்டு பேருக்குப் புரியவில்லை. ஏழு பேர் வாசிக்கும்போதே போய்விட்டார்கள். ஒருவர் புரிந்தது என்று சொன்னாராம், பிறகு விசாரித்ததில் அவருக்குத் தமிழ் தெரியாது.

மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு மொழியியல் துறைக்குப் போனேன். அவளுடைய நெறியாளர் பேராசிரியர் எஸ்தர் பொன்மணியைப் பார்த்து, "மேடம், நான் எழுதுறது யாருக்கும் புரியாதா?" என்று நேரடியாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க தாள் சிக்கனச் சுற்றறிக்கை வந்துதுல்ல சார். அது புரியாம, அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டு எத்தன துறையிலிருந்து கடிதம் வந்துதுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். 88 கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் விளக்கம் அனுப்பியிருக்கிறேன், மூன்று படி. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு 61.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நாட்குறிப்புதானே, யார் வாசிக்கப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

இட்லி அவித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "உன் விண்ணப்பத்துக்குச் சிறப்பு அனுமதி குடுத்துருதேன். விதி 9-ல இடம் இருக்கு" என்றேன்.

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டுந்தான்."

"வேண்டாம். வெளிய பெஞ்சில எங்கூட இன்னும் பதினோரு பேரு உக்காந்திருந்தாவ. ஒருத்தி எட்டு மாசக் கர்ப்பம். அவுகளுக்கு என்ன சொல்லுவிய? துணைப் பதிவாளரக் கட்டிக்கிட்டு வாங்கன்னா?"

எல்லாருக்கும் கொடுத்தால் விதியே போய்விடும் என்றேன்.

"போகட்டுமே."

விதியை நான் ரத்து செய்தால் துணைவேந்தர் முன்னால் என்ன ஆவேன்? பதிவாளர் பதவி ஜனவரியில் காலியாகிறது. வளாகம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். பெண்டாட்டிக்காக விதியை மாற்றினான் என்பார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டது.

"அத துடச்சுட்டு, முடிவு பண்ணுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விதியை ரத்து செய்யும் சுற்றறிக்கையை எழுத காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். 'மேற்படி விதியின்கண் ஏற்பட்டுள்ள நடைமுறை இடர்ப்பாடுகளை முன்னிட்டு' என்று தொடங்கி ஒரு பக்கம் போனது. வினைமுற்று வரவில்லை. கிழித்தேன். மறுபடி. மறுபடி கிழித்தேன். பன்னிரண்டு மணிக்குக் குப்பைக் கூடையில் பதினேழு தாள். தாள் சிக்கன அலுவலரின் கூடை!

அச்சடிக்கவே வேண்டாம் என்று பட்டது. நிர்வாகக் கட்டட வாசலில் பழைய கரும்பலகை ஒன்று சைக்கிள்களுக்குப் பின்னால் கிடக்கும். இழுத்து நிறுத்தி, கல்வியியல் துறையில் சுண்ணக்கட்டி வாங்கி வந்து, நானே எழுதினேன்:

'ஆய்வேடு கொடுக்கத் தாள் சிக்கனச் சான்றிதழ் இனி வேண்டாம். அந்த விதி என் தவறு. – ஆவுடைநாயகம்.'

கூட்டம் கூடிவிட்டது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இருதயசாமி இரண்டு முறை வாசித்தார். "நாயகம் சார், நல்லா இருக்கீங்கல்லா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். கணிதத் துறையில் மழித்துக்கொண்ட இருவரில் ஒருவர், "சார், இதுக்கு ஏதாவது விவரம் அனுப்பணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

துணைவேந்தர் அழைத்தார். "என்ன ஆவுடைநாயகம், ஒரே வரியில எழுதியிருக்கீங்க? எனக்கே புரிஞ்சிடுச்சு" என்றார். பாராட்டா, கண்டனமா என்று தெரியவில்லை. இரண்டு வரி என்று திருத்திவிட்டு வந்தேன்.

இரவு ரசத்தில் உப்பு இருந்தது. சற்று அதிகமாகவே இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரு வாரமாக எல்லா அறிவிப்பும் கரும்பலகையில்தான். விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. வேலை இல்லாமல் போய்விட்டது போல இருக்கிறது. ஞானதுரை இந்த வாரத்துப் பட்டியலைக் கொண்டுவந்தார். என் அலுவலகத்தையும் சேர்த்தே போடச் சொன்னேன். மொத்த அச்சு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"நான் ஒருத்தன் நிறுத்தினதுக்கா இவ்வளவு?"

ஞானதுரை கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் பசுமை வளாகக் குழு. மூன்று பேர். கரும்பலகையைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார்கள். பலகையோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மதியமே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், அட்டை போன்ற கெட்டித் தாளில், நான்கு படி.

மாலை மூன்றே முக்காலுக்கு ஆய்வுப் பிரிவின் வாசலில் போய் நின்றேன். பரமகல்யாணி ஐந்து ஆய்வேடுகளையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நான்கு மணிக்கு மூடுவார்கள். "குடு, நான் தூக்குதேன்" என்றேன். இரண்டைக் கொடுத்தாள். கனம்தான். என் சுற்றறிக்கைகள் இவ்வளவு கனம் என்று இன்றுதான் தெரிந்தது.

எழுத்தர் ரசீது எழுதும்போது, "சார், நீங்க இவுகளுக்கு..." என்று இழுத்தார்.

"தகவலாளி ஒண்ணு" என்றேன். பரமகல்யாணி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 6, திங்கள்

பதிவாளர் பொறுப்பு தேர்வுப் பிரிவு வேல்மயிலுக்குப் போயிற்று. எனக்கு வருத்தம் இல்லை. (இருக்கிறது.)

மார்ச் 12, புதன்

பரமகல்யாணியின் பொது வாய்மொழித் தேர்வு. மொழியியல் துறைக் கருத்தரங்க அறை நிரம்பி வழிந்தது. மொழியியலில் இவ்வளவு பேருக்கு ஆர்வம் இருக்க வாய்ப்பில்லை. என்னைப் பார்க்க வந்தவர்கள்தான். கடைசி வரிசையில் ஞானதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். இவ்வளவு நேரம் தொடர்ந்து அவள் பேசி நான் கேட்டதில்லை. நன்றாகப் பேசினாள். மூன்று இடத்தில் அறையே சிரித்தது. இரண்டு இடத்தில் நானும் சிரித்தேன். அந்த இரண்டும் என்னைப் பற்றி இல்லை என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது.

கோவையிலிருந்து வந்திருந்த புறத் தேர்வாளர், தையல்நாயகி என்று ஓர் அம்மையார், மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பின்னிணைப்பைப் புரட்டினார்.

"எண் 463. 2011 நவம்பர். இதை வாசிக்கிறேன். 'பருவமழைக் காலத்தில் மேற்படி வளாகத்தில் பணிபுரியும் மகளிர் ஊழியர்கள் பணி முடித்துத் திரும்புங்கால், பேருந்து நிறுத்தம் வரையிலான மேற்கூரையற்ற தொலைவைக் கருத்திற்கொண்டும், வானிலை நிலவரத்தை அவ்வப்போது அனுசரித்தும், அலுவல் நலன் குன்றாவண்ணம், உரிய பிரிவுத் தலைவரின் வாய்மொழி இசைவின்பேரில், இதுகாறும் நடைமுறையில் இருந்துவரும் நேரவரம்பினின்றும் அரைமணி நேரம் முன்னதாக ஏகுவதற்கு ஏதுவாகுமாறு இருப்பதன் பொருட்டு.' முற்றுப்புள்ளி. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அறை சிரித்தது. "எழுதினவரு பின்னாலதான் இருக்காரு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியது நினைவில் இல்லை.

"நான் சொல்லலாமா?" என்றாள் பரமகல்யாணி.

"சொல்லுங்க."

"மழை வந்தா, பொம்பளைங்க அரை மணி நேரம் முன்னாலயே வீட்டுக்குப் போகலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம். அந்த வருஷம் ஐப்பசில நான் வேலை விட்டுப் போகும்போது நல்லா நனஞ்சுட்டேன். எட்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டு நான் எந்திரிச்ச மறுநாள் தேதி போட்டு இந்தச் சுற்றறிக்கை வந்திருக்கு. அப்போ எனக்கும் புரியல. நாலு வருஷம் முன்னால, ஆய்வுக்காக எடுத்துக் கோடு போட்டுப் படிக்கும்போதுதான் புரிஞ்சுது."

தையல்நாயகி அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரியா சார்?"

"சரி" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் கொடுத்த மிகச் சிறிய பதில். உட்கார்ந்துவிட்டேன். ஞானதுரை ஏனோ என் முழங்கையைத் தட்டினார்.

ஐந்தரைக்கு முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார்கள். கைதட்டு அடங்க நேரமாயிற்று. அவளுக்குப் போட்ட மாலையைப் பையில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவள். பாதித் தூரத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கே வாயால சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்த?"

"நனையாத, சீக்கிரம் வீட்டுக்கு வான்னு."

நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டப்படாதுல்லா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் வந்து நின்றார். அவள் நிறுத்துவதாக இல்லை. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி நடந்தோம்.